எக்ஸ்பியில் புது டிஸ்க் எழுத இழுப்பது
சார், தண்டையார்பேட்டை ஸ்டுடியோவில் விண்டோஸ் எக்ஸ்பி கணினிக்குப் புது ஹார்டு டிஸ்க் போட்டதிலிருந்து கல்யாணப் படங்கள் சேமிக்க இழுக்கிறது என்கிறீர்கள். டிஸ்க்கை மாற்ற உடனே ரிச்சி தெருக் கணினிக் கடைகளுக்குக் கிளம்ப வேண்டாம்.

இப்போதைய டிஸ்க்குகள் பெரும்பாலானவற்றில் உண்மையான செக்டார், அதாவது டிஸ்க் ஒரே தடவையில் எழுதும் மிகச் சிறிய கட்டம், 4096 பைட். கணினிக்கு மட்டும் 512 பைட் என்று காட்டும்; அப்படி எட்டு சேர்ந்தால்தான் ஓர் உண்மையான செக்டார். எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரிக்கும் பகுதியை) 63 சின்ன செக்டார் தள்ளித் தொடங்கும். 63 எட்டால் வகுபடாது. அதனால் எக்ஸ்பி எழுதும் ஒவ்வொரு 4 கேபி (4096 பைட்) துண்டும் இரண்டு உண்மையான செக்டாரில் கால் வைக்கும். டிஸ்க் இரண்டையும் படித்து, திருத்தி, மறுபடி எழுத வேண்டும். தாமதம் அங்கேதான்.

விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட் (பார்ட்டிஷன் தொடங்கும் இடம்) 32,256 பைட், அதாவது 63 × 512, என்று இருந்தால் சந்தேகமே இல்லை. முதலில் படங்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள், தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் அந்தப் புது டிஸ்க்கை விண்டோஸ் 7 கணினியில் மாட்டிப் புதிதாகப் பார்ட்டிஷன் போடுங்கள். அது 2048 சின்ன செக்டார் தள்ளித் தொடங்கும், 2048 எட்டால் வகுபடும், எக்ஸ்பியும் அதை அப்படியே ஏற்கும்.