கல்லூரி உதைபந்தாட்டப் பருவம்: கேள்வி பதில்

விதி, பயிற்சி, காயம் பற்றிக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த முறை வெல்லப்போவது பத்திரிசியார் கல்லூரியா, ஹென்றியரசர் கல்லூரியா? (குருநகர்)
ஆருடம் சொல்வதில்லை.

யாழ்ப்பாணம் துரையப்பா அரங்கில் சோளகக் காற்று அடிக்கிறது. நாணயச் சுழற்சியில் வென்றால் என்ன கேட்பது, சேர்?
2019இலிருந்து வென்றவர் பக்கத்தையும் கேட்கலாம், முதல் உதையையும் கேட்கலாம். நான் என்றால் காற்று முதுகில் இருக்கிற பக்கத்தைத்தான் கேட்பேன். பொழுது சாயக் காற்று தணிந்துவிடுவதும் உண்டு. இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும். எதிர்க்காற்றில் கோல்காப்பாளர் பந்தை உயர்த்தி அடித்தால் அது நடுக்கோட்டைக் கூடத் தாண்டாமல் நம் தலைக்கே திரும்பும். அதே 2019 மாற்றத்தின்படி கோல் உதையைத் தண்டப் பெட்டிக்குள்ளேயே சக வீரர் வாங்கலாம். நிலத்தோடு உருட்டி ஆடப் பழகுங்கள்.

எங்கள் கோலை ஓஃப்சைட் என்று மறுத்துவிட்டார்கள். மூலை உதை வந்தது. எதிரணிக் கோல்காப்பாளர் ஓடிவந்து பந்தைக் குத்திவிட்டுப் பெட்டியின் விளிம்பில் விழுந்தார். எங்கள் பொடியன் வெளியிலிருந்து அடிக்க, கோலடியில் நின்ற எங்கள் இன்னொருவர் உள்ளே தட்டிவிட்டார். கோல்கோட்டில் ஒரு பாதுகாப்பு வீரர் நின்றாரே! (அளவெட்டி)
நல்ல கேள்வி. சக வீரர் பந்தை அடிக்கும் கணத்தில் பந்தையும் எதிராளியையும் தாண்டி முன்னால் நிற்பதுதான் ஓஃப்சைட். ஆனால் விதி பார்ப்பது கடைசி எதிராளியை அல்ல, கடைசிக்கு முதல் ஆளை. கோல்கோட்டில் நின்றவர் கடைசி ஆள். அவருக்கு அடுத்து கோல்கோட்டுக்குக் கிட்ட நின்ற எதிராளி யார்? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் விளிம்பில் விழுந்த கோல்காப்பாளர். சக வீரர் பந்தை அடித்த கணத்தில் உங்கள் ஆள் அவரையும் தாண்டி, பந்தையும் தாண்டி நின்றிருக்கிறார். நடுவர் செய்தது சரி.

மூலை உதையில் ஓஃப்சைட் இல்லைத்தானே? (அதே அன்பர்)
மூலை உதையிலிருந்து நேரே பந்தை வாங்கினால் இல்லை. கோல் உதைக்கும் எறிபந்துக்கும் அப்படித்தான். இங்கே பந்து குத்தப்பட்டு, பிறகு சக வீரர் அடித்திருக்கிறார். அந்த அடியிலிருந்து கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது.

கோல்காப்பாளரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எங்கள் காலத்தில் அப்படித்தான். (கொக்குவில்)
எந்தக் காலத்திலும் அப்படி இல்லை, அண்ணை. அவரும் பதினொருவரில் ஒருவர். வழக்கமாக அவரே கடைசியில் நிற்பதால் மற்றவர்களை மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம்.

அப்போ பந்துக்குப் பின்னால் நின்றிருந்தால்? (உடுவில்)
கோல் செல்லும். சமக்கோட்டில் நின்றாலும் ஓஃப்சைட் இல்லை. கையும் புயமும் கணக்கில் வராது.

கோல்கோட்டில் ஆள் நிற்கும்போது எப்படி ஓஃப்சைட்? (மானிப்பாய்)
மேலே இருக்கிறது, வாசியுங்கள்.

தலையோடு தலை மோதி மகன் விழுந்தான். ஐந்து நிமிடத்தில் மறுபடி இறங்கினான். வீட்டில் வாந்தி எடுத்தான். இப்போது சரி. சனிக்கிழமை விளையாடலாமா? (ஒரு தாய்)
விளையாட விடாதீர்கள், அம்மா. இன்றைக்கே போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் மறுபடி இறங்கியிருக்கவே கூடாது. தலையில் அடிபட்டுத் தலைசுற்றல், வாந்தி, மயக்கம், கேட்டதையே திரும்பக் கேட்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. வைத்தியர் சொன்ன பிறகும் நடை, ஓட்டம், பயிற்சி, கடைசியில்தான் மோதல் உள்ள ஆட்டம். பயிற்றுநர்களுக்கும் சொல்கிறேன்: முகத்தில் தண்ணீர் தெளித்து அனுப்புவது சிகிச்சை இல்லை.

எதிரணிக் கோல்காப்பாளர் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நிற்கிறார்.
2025 விதியில் எட்டு விநாடி. தாண்டினால் உங்களுக்கு மூலை உதை. நடுவர் கடைசி ஐந்து விநாடியைக் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார்.

மகாஜனக் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்து நாங்களும் பெண்கள் அணி தொடங்குகிறோம். எதில் தொடங்குவது? (ஆசிரியை)
மிகவும் சந்தோஷம். முழங்காலில் தொடங்குங்கள். முழங்கால் முன்தசைநார் கிழிவது பெண் பிள்ளைகளுக்கு அதிகம். ஃபீஃபா 11 பிளஸ் என்ற உடற்சூட்டுப் பயிற்சிக்குச் சுமார் இருபது நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடிகிறதா என்று ஒவ்வொரு பிள்ளையையும் முன்னால் நின்று பாருங்கள். மடிந்தால் அங்கேயே திருத்துங்கள். பந்து அப்புறம் வரட்டும்.

இரண்டு மஞ்சள் அட்டை வாங்கினவர் அடுத்த ஆட்டத்துக்கு வரலாமா?
சுற்றுப்போட்டிக்குச் சுற்றுப்போட்டி மாறும். பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

சேர், யார் வெல்வார்கள் என்று ஒரு சொல்லாவது? (பாசையூர்)
இல்லை, தம்பி.

தலையில் சின்ன அடிதான், இரண்டாம் பாதியில் இறங்கட்டுமா? (18 வயதுப் பிரிவு வீரர்)
இறங்காதே. பொறுப்பாசிரியரிடம் இப்போதே சொல். இன்றைக்குத் தனியாகச் சைக்கிளில் வீட்டுக்குப் போகாதே, யாரையாவது கூட வரச் சொல்.