சாட்விக், ஸ்னோ, சாக்கடை: கேள்வி பதில்

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரத்துக்காகப் போராடிய எட்வின் சாட்விக் மருத்துவரே அல்லர் என்கிறார்களே, பிறகு சுகாதாரத்தில் எப்படி இறங்கினார்?

பதில்: அவர் சட்டம் படித்தவர், வரிப்பணத்தில் ஏழைகளுக்கு உதவி வழங்குவதை மேற்பார்த்த ஏழைகள் சட்ட ஆணையத்தின் செயலாளர். சம்பாதிக்கிறவன் காய்ச்சலில் செத்தால் விதவையையும் பிள்ளைகளையும் வரிப்பணத்தில் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே என்ற கணக்குதான் அவரை உள்ளே இழுத்தது. தொழிலாளர்களின் சுகாதார நிலை பற்றிய அவருடைய 1842 அறிக்கையின்படி, மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தோரின் சராசரி வயது 17. கிராமப்புறமான ரட்லண்டில் 38. எல்லோரும் பதினேழில் செத்தார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. சராசரியைக் கீழே இழுத்தது குழந்தைச் சாவு.

கேள்வி: ஐயா, 1854இல், காலரா தண்ணீர் வழியே பரவுகிறது என்று வாதிட்ட மருத்துவர் ஜான் ஸ்னோ சொல்லி, லண்டன் பிராட் தெருவின் குடிநீர்ப் பம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் காலரா நின்றுவிட்டது என்பது உண்மையா?

பதில்: கைப்பிடியைக் கழற்றியது உண்மை, செப்டம்பர் 8ஆம் தேதி. ஆனால் அதற்குள் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டதால் சாவு ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்தது; ஸ்னோவே இதை மறைக்கவில்லை. எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவையின் கதை. முன்பு குடியிருந்த பிராட் தெருவின் தண்ணீர் ருசி விட்டுப்போகாமல், அதை வண்டியில் வரவழைத்துக் குடித்த அவர் காலராவில் இறந்தார். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த பீர் ஆலையிலோ, பீர் குடித்துச் சொந்தக் கிணற்றை நம்பியிருந்த தொழிலாளர்களில் ஒருவரும் சாகவில்லை. ஸ்னோவை முதலில் நம்பாத ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியார்தான் பின்னர் மூலத்தையே கண்டுபிடித்தார்: 40ஆம் எண் வீட்டில் நோயுற்ற கைக்குழந்தையின் துணி அலசிய நீரைக் கொட்டிய மலக்குழி, கிணற்றுக்கு மூன்றடிக்கும் குறைவான தொலைவில் கசிந்துகொண்டிருந்தது.

கேள்வி: நாற்றமே நோய் என்று தவறாக நம்பிய சாட்விக் போன்றவர்கள் சாக்கடையை மட்டும் சரியாகக் கட்டியது எப்படி?

பதில்: முதலில் சரியாகக் கட்டவில்லை. வீட்டு மலக்குழிகளின் நாற்றத்தைப் போக்குவதாக எண்ணி எல்லாவற்றையும் தேம்ஸில் தள்ளினார்கள்; லண்டனில் பலர் குடித்தது அதே தேம்ஸ் தண்ணீரை. 1858 கோடையில் ஆறு நாறியபோது, நாடாளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த பணம் சில வாரங்களில் கிடைத்தது. பொறியாளர் ஜோசப் பாசல்ஜெட் கட்டிய பெருஞ்சாக்கடைகள் கழிவை நகருக்குக் கீழே கொண்டுபோய் விட்டன. 1866இல் காலரா கடுமையாகத் தாக்கியது, அப்பணி இன்னும் முடியாதிருந்த கிழக்கு லண்டனைத்தான்.

கேள்வி: 1848இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டதே?

பதில்: வந்தது, ஆனால் வரி கட்டுவோரில் பத்தில் ஒரு பங்கினர் மனுச் செய்தாலோ, ஆண்டுச் சாவு ஆயிரத்துக்கு 23ஐத் தாண்டினாலோதான் ஓர் ஊரில் அது நுழைய முடியும். வடிகாலும் குடிநீரும் உள்ளூர் அமைப்புகளின் தட்ட முடியாத கடமையானது 1875 சட்டத்தில்தான்.