வீட்டிலேயே வெறும் மரப் பொருள்களுக்குப் பூச்சுக் கொடுத்து சப்ளிமேஷன் அச்சிட முடியுமா?

முடியும். மூன்று ஆண்டுகளாக நான் செய்துவருகிறேன். சப்ளிமேஷன் என்பது, படத்தைத் தனி மையால் காகிதத்தில் எடுத்து, அந்தக் காகிதத்தைப் பொருளின்மேல் வைத்து, அழுத்தி என்ற சூடான தட்டுள்ள இயந்திரத்தால் அழுத்திப் படத்தைப் பொருளுக்கு மாற்றும் முறை. வெறும் மரச் சாவிக்கொத்துகளில் அச்சிட்டபோது படம் வெளிறிப்போயிற்று என்றும், பூச்சுக் கொடுத்தே விற்கும் பலகைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கட்டுப்படியாகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் நானும் அனுபவித்திருக்கிறேன்.

மொரீஷியஸில் கியூர்பிப் என்ற மலைமேட்டு ஊரில் இருக்கிறேன். தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து கரும்பலகையில் மட்டும் இருந்தால் போதாது. கையில் எடுத்து, அடுக்கி, கலைத்து, மறுபடி தேடி எடுக்க வேண்டும். அதற்காகத்தான் மரச் சில்லுகள் செய்யத் தொடங்கினேன். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 சில்லுகள் ஒரு தொகுப்பு. வகுப்புக்கு நான்கு தொகுப்பு என்றால் 124 சில்லுகள். அத்தனைக்கும் பூச்சுப் பலகை வாங்க என்னால் இயலவில்லை. அதனால் வீட்டுப் பின்கட்டில் நானே பூசிப் பழகினேன்.

முதலில், வெறும் மரத்தில் ஏன் வரவில்லை என்பது. சப்ளிமேஷன் மை சூட்டில் உருகுவதில்லை, நேரே ஆவியாகிறது. அந்த ஆவி பாலியெஸ்டர் போன்ற பொருளுக்குள் புகுந்து, ஆறியதும் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. மரத்துக்கும் பருத்திக்கும் அடிப்படை செல்லுலோஸ். அதற்கும் இந்த மைக்கும் ஒட்டுறவு இல்லை. உங்கள் சாவிக்கொத்தில் தெரிந்தது நார்களின் இடுக்கில் தங்கிய எச்சம், அதனால்தான் மங்கல். மரத்தின்மேல் ஒரு தோல் போர்த்தி, அந்தத் தோலில்தான் அச்சிட வேண்டும். தோல் நன்றாக அமைந்துவிட்டால் அச்சு ஒரு நிமிட வேலை. தோலுக்குத்தான் நாள்கணக்கு.

எதைப் பூசுவது? சப்ளிமேஷனுக்கென்றே விற்கும் பாலியெஸ்டர் வகைத் தெளிபூச்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள். நிறம் ஆழமாக ஏறும், சூட்டில் இளகாது, காகிதம் ஒட்டாது. டப்பாவில் எழுதியுள்ளதை வரி விடாமல் படியுங்கள். சில பூச்சுகளை அடுப்பில் வைத்து இறுக்க வேண்டியிருக்கும். அதற்குச் சமையல் அடுப்பைத் தொடாதீர்கள். அந்த ஆவி போய்ப் படிந்த இடத்தில் பிறகு ரொட்டி சுட முடியாது.

எனக்கு அது தொடர்ச்சியாகக் கிடைக்கவில்லை. ஆகவே நான் பயன்படுத்துவது, வண்ணக்கடையில் கிடைக்கும் நீரில் கரையும் தெளிவான வார்னிஷ். அக்ரிலிக்கும் பாலியூரிதேனும் கலந்த வகை. இதுவும் மையை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சூட்டில் சற்று இளகும் குணம் இதற்கு உண்டு. எல்லாத் தொல்லையும் அந்தக் குணத்தில்தான் பிறக்கிறது. எண்ணெய் சேர்ந்த வார்னிஷ் வேண்டாம். நாளாவட்டத்தில் மஞ்சளித்து, வெளிர் நீலத்தைப் பச்சையாக்கிவிடும்.

மரத்தைப் பொறுத்தவரை, தட்டையான பொருளுக்கு 6 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகைதான் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்வது) என் தேர்வு. வழவழப்பாக இருக்கும், முடிச்சு இருக்காது. பைன் மரத்தில் எச்சரிக்கை தேவை. அழுத்தியின் சூட்டில் முடிச்சிலிருந்து பிசின் கசிந்து மஞ்சள் கறையாக மேலே வரும். எம்டிஎஃப் பலகையின் குறை அதன் விளிம்பு. வெட்டிய பக்கம் தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி உப்பும். முதல் பூச்சை விளிம்புக்குத்தான் கொடுக்க வேண்டும். அது காய்ந்த பிறகே முகப்புக்கு. பலகையை எனக்கு வெட்டித் தருபவர் எங்கள் தெருத் தச்சர். 1735-ல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லபூர்தொனே துறைமுகம் கட்டப் புதுச்சேரியிலிருந்து தச்சர்களையும் கொத்தர்களையும் வரவழைத்த தீவு இது. எங்கள் தச்சருடைய இழைப்புளிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். கூர்முனையை லேசாக மழுக்கித் தரச் சொல்லுங்கள். கூரான முனையில் பூச்சு தங்காது. அங்கிருந்துதான் முதலில் உரியும்.

வெள்ளை அடிப்பூச்சைத் தவிர்க்காதீர்கள். சப்ளிமேஷன் மையில் வெள்ளை நிறம் கிடையாது, மற்ற நிறங்களும் ஒளி ஊடுருவுபவை. பழுப்புப் பலகையில் மஞ்சள் அச்சிட்டால் அது மண்ணாகத்தான் தெரியும். மர ரேகை தெரிய வேண்டும் என்று விரும்பினால் வெளிர் நிற பிளைவுட்டில், கறுப்பு எழுத்து மட்டும் அச்சிடுங்கள். அது அழகாக இருக்கும். நிறப் படம் என்றால் வெள்ளை வேண்டும்.

நான் செய்யும் முறை இது. 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசியை உலர்ந்த துணியால் துடைக்கிறேன். எம்டிஎஃப் தூசி நெஞ்சுக்கு ஆகாது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். நீரில் கரையும் வெள்ளை அக்ரிலிக் இரண்டு முறை. அது காய்ந்ததும் 400 எண் தாளால் மெல்லத் தடவுகிறேன். பிறகு தெளிவார்னிஷ், மெல்லிய பூச்சாக நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம். தூரிகையைவிட நுரைப் பஞ்சு உருளை நல்லது, கோடு விழாது. தடிமனாக இரண்டு பூசினால் வேலை மிச்சம் என்று தோன்றும். தடித்த பூச்சு மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். சூடு பட்டதும் கொப்பளிக்கும்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. காய்வது வேறு, இறுகுவது வேறு. தொட்டால் விரலில் ஒட்டவில்லை என்றால் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளிருக்கும் ஈரமெல்லாம் போய், பூச்சு கெட்டியாகி, சூட்டைத் தாங்கும் நிலைக்கு வருவது பிறகு. காணொளிகளில் 24 மணி நேரம் என்பார்கள். அவர்கள் ஊர்க் காற்று வேறு. கியூர்பிப்பில் வெயில் காலத்திலும் மழை பெய்யும். துவைத்த துணி மூன்று நாள் கொடியிலேயே கிடக்கும். பள்ளி ஆண்டு தொடங்குவதோ ஜனவரியில், காற்று ஈரத்தில் கனக்கும் மாதத்தில்.

முதல் ஆண்டில் அவசரப்பட்டேன். பூசிய மறுநாளே அழுத்திவிட்டேன். காகிதத்தை உரித்தபோது மெல்லிய ‘சர்ர்’ என்ற ஒலி. அது வரக்கூடாத ஒலி. ‘ழ்’ எழுத்தின் கீழ்ச்சுழி இருந்த இடத்தில் பூச்சு காகிதத்தோடு போய்விட்டது. மீதி இடத்தில் காகித நார் பூஞ்சணம் போல ஒட்டியிருந்தது. ஈரத் துணியை மேலே போட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்து நாரை எடுத்தேன். நிறம் பிழைத்தது, சுழி பிழைக்கவில்லை. சுழி இல்லாத எழுத்தைக் குழந்தையின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 31 சில்லுகளையும் தேய்த்து மறுபடி முதலிலிருந்து பூசினேன்.

அன்று முதல் இரண்டு சோதனைகள் வைத்திருக்கிறேன். சில்லின் பின்புறத்தில் ஒரு மூலையில் நகத்தை அழுத்திப் பார்ப்பேன்; தடம் விழுந்தால் இன்னும் ஆகவில்லை. பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்வேன். வார்னிஷ் வாடை துளி இருந்தாலும் ஆகவில்லை. இரண்டும் தேறினால்தான் அழுத்தி. இந்த ஊரில் அதற்கு ஒரு வாரம் பிடிக்கிறது. இப்போது அட்டைப்பெட்டியில் அடுக்கி, போர்ட் லூயிஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பஸ்ஸில் எடுத்துப் போய்விடுகிறேன். கடற்கரையோர நகரம், வெயில் அதிகம், மழை குறைவு. மொட்டைமாடிக்குப் பக்கத்து அறையில் கம்பித்தட்டின்மேல் பரப்பி வைத்தால் மூன்று நான்கு நாளில் இறுகிவிடுகிறது. சின்னத் தீவுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். உங்கள் ஊர்க் காற்றுக்கு எத்தனை நாள் என்பதை உங்கள் நகமும் மூக்கும்தான் சொல்ல வேண்டும்.

அழுத்தும் கட்டத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் காணொளியைப் பார்த்து எண்ணைப் பதியும்போது கவனம்: அவர்கள் 400 என்பது பாரன்ஹீட், நமக்கு அது ஏறத்தாழ 204 டிகிரி செல்சியஸ். என் வார்னிஷுக்கு 180 டிகிரியில் 60 வினாடி போதுமானதாக இருக்கிறது, அழுத்தம் மிதமாக. பாலியெஸ்டர் பூச்சு 190 முதல் 200 வரை தாங்கும். காகிதத்தை வெப்பம் தாங்கும் ஒட்டுநாடாவால் இரண்டு பக்கம் கட்டிவிடுங்கள். அழுத்தியைத் திறக்கும்போது காகிதம் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். மேலும் கீழும் பட்டர் பேப்பர் வையுங்கள். சிதறும் மை அழுத்தியில் படியாமல் அது தடுக்கும். நேரம் முடிந்ததும், சூடு ஆறும் முன்பே, ஒரே இழுப்பில் உரியுங்கள். நீர் வார்னிஷில் ஆறவிட்டால் காகிதம் பிடித்துக்கொள்ளும். கறுப்பு பழுப்பாக வந்தால் சூடோ நேரமோ அதிகம் என்று பொருள். இஸ்திரிப் பெட்டியில் முயல வேண்டாம். ஓரிடம் கருகும், ஓரிடம் ஏறாது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

தமிழ் எழுத்து அச்சிடுபவர்களுக்கு மட்டும் ஒரு சொல். படத்தை இடவலமாகத் திருப்பித்தான் காகிதத்தில் எடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மறந்தால் ‘ப’வும் ‘ம’வும் போகிற போக்கில் கண்ணை ஏமாற்றும், தவறு உடனே தெரியாது. எழுத்தைப் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு முதலில் பதிவது அந்த இடவலம் மாறிய வடிவமாகிவிடும். அதனால் தாளை எடுத்ததும் கண்ணாடி முன் பிடித்து 31 எழுத்தையும் வாய்விட்டுப் படித்த பிறகே கத்தரிக்கிறேன்.

உணவு படும் பொருள்களுக்கு இந்த வேலையைச் செய்து கொடுக்காதீர்கள். காய் நறுக்கும் பலகை, பரிமாறும் தட்டு, கரண்டி என்று கேட்பார்கள். கத்தி பட்டால் பூச்சு செதிலாக உதிரும். அது வயிற்றுக்குள் போகக்கூடாது. சுவரில் மாட்டுவதற்கு என்றால் மட்டும் கொடுங்கள். பொருள்களை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்கும் வேண்டாம். வெளிவாசல் பெயர்ப்பலகைக்கும் இது ஆகாது. வெயிலில் சாயம் சில மாதங்களிலேயே வெளுக்கத் தொடங்கும்.

உங்கள் சாவிக்கொத்துகளில் துளை இருக்குமல்லவா? பூசும் முன் அந்தத் துளைக்குள்ளும் ஒரு பல்குத்தும் குச்சியால் வார்னிஷ் தொட்டு வையுங்கள். வளையம் உராய்ந்து பூச்சு விட்டுப்போவது அங்கிருந்துதான். முதலில் ஐந்து மட்டும் செய்யுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பூசிய தேதியையும் அழுத்திய தேதியையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.