ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறதா?

கேள்வி: ஃப்ளஷ் செய்யாதபோதும் டாய்லெட் பேசினுக்குள் மெல்லிய கோடாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. டேங்கையே மாற்ற வேண்டுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டவே வேண்டாம். முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே நிற்கும் வழிகுழாயின் வாய்க்குள் தண்ணீர் வழிந்தால் மிதவைதான் காரணம்; நீர்மட்டம் வாய்க்கு 2 செ.மீ. கீழே நிற்கும்படி அதன் திருகைச் சரிசெய்யுங்கள்.

வழியவில்லையா? டேங்க் தண்ணீரில் சிட்டிகை கேசரிப் பவுடர் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். பேசினில் நிறம் தெரிந்தால் அடி ரப்பர் வாஷர்தான் குற்றவாளி. போர்வெல் தண்ணீர் என்றால் அதில் வெள்ளை உப்பு படிந்திருக்கும். டேங்குக்குத் தண்ணீர் வரும் சிறு குழாயான ஆங்கிள் காக்கை மூடி, டேங்கைக் காலிசெய்து, வாஷரைக் கழற்றி வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள், கீறல் விழுந்தால் மறுபடி கசியும். ரப்பர் விறைத்து, பள்ளம் விழுந்திருந்தால் பழையதைக் கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் வாங்குங்கள்.