வாழைக்கன்று லேபில் பழச் செல் வளர்க்க முடியுமா?

கேள்வி: திசு வளர்ப்பில் வாழைக்கன்று தயாரிக்கும் சிறிய லேப் நடத்துகிறோம். நியூசிலாந்தில் மரமே இல்லாமல் தொட்டியில் பழம் வளர்க்கப் பார்க்கிறார்களாம். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், சுத்தக் காற்று வீசும் லேமினார் ஃப்ளோ எல்லாம் எங்களிடமும் இருக்கின்றன. செல் வளர்க்கும் தொட்டியான பயோரியாக்டர் ஒன்றை வாங்கிப் போட்டால் நாங்களும் செய்யலாமா?

பதில்: ரியாக்டரை இப்போது வாங்காதீர்கள். அதில் விட உங்களிடம் செல் இல்லை.

நீங்கள் செய்வது குருத்து நுனியிலிருந்து குருத்துகளைப் பெருக்குவது. அதற்கு பிஏபி என்ற வளர்ச்சி ஊக்கி போதும். தொட்டியில் வளர்க்க வேண்டியது குருத்தாகவோ வேராகவோ மாறாமல் செல்லாகவே பெருகும் செல்கள். ஆக்சின் என்ற இன்னொரு வகை ஊக்கியைக் கொடுத்து கேலஸ் (உருவமில்லாத செல் கட்டி) உண்டாக்கி, அதில் உதிரியாக வரும் பகுதியை மட்டும் எடுத்துத் திரவ மீடியாவில் (ஊட்டக் கரைசலில்) போட்டு ஷேக்கரில் (குலுக்கும் கருவியில்) விட வேண்டும். வாழை இதற்குச் சுலபத்தில் மசியாது. வழக்கமாக முதிராத ஆண் பூவிலிருந்து தொடங்குவார்கள்; மாதக்கணக்கில் ஆகும், வெட்டிய இடமும் கருத்துவிடும். தவிர, இதற்கு அதிகம் பயன்படும் ஆக்சினான 2,4-டி ஒரு களைக்கொல்லி. சாப்பிடும் பொருளில் அது எவ்வளவு தங்குகிறது என்று கட்டாயம் கேட்பார்கள்.

கன்று பாட்டிலில் பூஞ்சை வந்தால் அந்த ஒரு பாட்டிலைக் கொட்டிவிடலாம். தொட்டியில் வந்தால் மொத்தமும் போச்சு. பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிக்கும். தாவர செல்லுக்குப் பெரும்பாலும் 2 முதல் 4 நாள் ஆகும். இரண்டு, மூன்று வாரம் ஒரு கிருமிகூட நுழையாமல் காப்பதுதான் உண்மையான செலவு.

அடுத்தது சர்க்கரை. செல்கள் இருட்டில் வளர்வதால் ஒளிச்சேர்க்கை கிடையாது. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை ஊட்டுகிறோம். நன்றாக வளர்ந்தாலும் அதில் ஏறத்தாழ பாதிதான் உலர் எடையாகக் கிடைக்கும். செடியில்லாத பழம் என்று பெயர், ஆனால் எங்கோ ஒரு கரும்புத் தோட்டம் இருந்தே தீர வேண்டும்!

கிடைப்பதும் பழமல்ல, ஈரமான செல் கூழ். பின்லாந்தின் விடிடி ஆராய்ச்சி நிறுவனத்தார் கிளவுட்பெரி, லிங்கன்பெரி போன்ற காட்டுப் பழச் செடிகளின் செல்களை வளர்த்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், உலர் எடையில் புரதம் 14 முதல் 19 சதவீதம் இருந்தது, சத்தில் குறையில்லை. ஆனால் இந்தச் செல்கள் பழம்போல் பழுப்பதில்லை, அதனால் பழுத்த மணத்தை எதிர்பார்க்க முடியாது. பழத்தின் சதைப்பிடிப்பைக் கொண்டுவரத்தான் நியூசிலாந்துக்காரர்கள் முயல்கிறார்கள். அது இன்னும் ஆராய்ச்சிதான்.

விலை கட்டுபடியானது வேறு இடத்தில். ஜப்பானின் மிட்சுய் நிறுவனம் 1983-லேயே சிகோனின் என்ற சிவப்புச் சாயத்தைத் தாவர செல்களிலிருந்து தொட்டியில் எடுத்தது, லிப்ஸ்டிக்கில்கூடச் சேர்த்தார்கள். கிராம் கணக்கில் விற்கும் பொருளுக்கு இது கட்டும், கிலோ கணக்கில் விற்கும் பழத்துக்கு இன்றைக்குக் கட்டாது.

ஆசை இருந்தால் ஷேக்கர் ஒன்று போதும். 250 மில்லி ஃபிளாஸ்கில் 50 மில்லி மீடியா, 25 டிகிரி, இருட்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 சுற்று. புது மீடியாவுக்கு மாற்றும்போது பழைய செல்லைத் தாராளமாகச் சேர்த்து விடுங்கள். குறைந்தால் செல்கள் பெருகாமல் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் எடை போட்டுக் குறியுங்கள். ஒரு வருடம் வளர்ச்சி சீராக இருந்தால் ரியாக்டரைப் பற்றிப் பேசலாம். உணவாக விற்க நினைத்தால், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2017 விதிகளின்படி முன் அனுமதி வாங்க வேண்டும். வாழைச் செல் வளர்ப்பில் அனுபவமுள்ளவர்கள் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறார்கள். முதலில் அங்கே போய் வாருங்கள்.