சிஸ்லேயின் வானம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாறும் வெளிச்சத்தை வரைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஆல்ஃப்ரெட் சிஸ்லேயை மிக உயர்வாகச் சொல்லியிருந்தீர்கள். அவர் படங்களைத் தேடிப் பார்த்தேன். ஆறு, தெரு, மரம், வானம் என்று எல்லாம் ஒரே மாதிரி தெரிகின்றன. அதே குழுவைச் சேர்ந்த மோனேயின் படங்களைப் பார்க்கும்போது வரும் பரவசம் வரவில்லை. இவரை எப்படிப் பார்ப்பது? இன்னொன்று, நான் ஆயில் பெயிண்டில் நிலக்காட்சி வரையப் பழகுகிறேன். வானம் மட்டும் பின்னால் கட்டிவிட்ட திரைபோலத் தட்டையாகவே நிற்கிறது. என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். சிஸ்லேயின் படத்தை வானத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். வரையும்போது அவரும் அங்கேதான் தொடங்கினார். விமர்சகர் அடோல்ஃப் தவெர்னியேவுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். வானம் வெறும் பின்னணி ஆகாது, தரையைப் போலவே அதற்கும் அடுக்குகள் உண்டு, அவைதான் படத்துக்கு ஆழம் தருகின்றன, மேகங்களின் வடிவமும் அமைப்பும் அசைவைத் தருகின்றன என்பது அவர் கருத்து.

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள ‘போர்-மார்லியில் வெள்ளம்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸுக்கு அருகே சேன் நதிக்கரையில் உள்ள ஊர் போர்-மார்லி. 1876இல் அந்த நதி கரைபுரண்டபோது அவர் பக்கத்திலேயே மார்லி-லெ-ருவாவில் குடியிருந்தார். இடப்பக்கம் ஒரு மதுக்கடைக் கட்டடம், வலப்பக்கம் இலையில்லாத மரங்கள், கடையோரம் படகுகள். தெரு இருந்த இடத்தில் தண்ணீர். யாரும் அலறவில்லை, எதுவும் அடித்துக்கொண்டு போகவில்லை. படத்தில் பாதிக்கு மேல் வானம். அதன் வெளிச்சம் தண்ணீரிலும் இறங்கிவிட்டதால் கீழேயும் வானம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அசையாமல் நிற்பது அந்தக் கட்டடம் ஒன்றுதான். மேகங்களைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள், கட்டடத்தின் கனம் போய்விடும். ‘ஒரே மாதிரி’ என்று நீங்கள் சொல்லும் படங்களில் மாறிக்கொண்டே இருப்பது இந்த மேல்பாதிதான்.

தண்ணீரையும் கவனியுங்கள். தூரத்து நீரை நாம் சாய்வாகப் பார்க்கிறோம், அதனால் அங்கே பிரதிபலிப்பு அதிகம். காலடி நீரைச் செங்குத்தாகப் பார்ப்பதால் வெள்ளத்தின் சொந்தக் கலங்கல் நிறம் மேலே வரும். பழகுகிறவர்கள் பெரும்பாலும் நீர் முழுவதையும் ஒரே நீலத்தில் இழுத்துவிடுகிறார்கள். நீர் படுக்காமல் சுவர்போல நிமிர்ந்து நிற்பதற்கு அதுவே காரணம்.

இனி உங்கள் வானம். உச்சியில் நீலம் ஆழமாக இருக்கட்டும், அல்ட்ராமரின், கோபால்ட் என்ற இரண்டு நீலங்கள் போதும். கீழே இறங்க இறங்க வெளிறட்டும். அடிவானத்துக்கு அருகே வெள்ளையோடு துளி மஞ்சள் சேர்த்தால் அங்கே சூடு வரும். பலரும் வெள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார்கள், வானம் சுண்ணாம்படித்ததுபோல் ஆகிவிடுகிறது. இன்றைய வெள்ளை பெயிண்டான டைட்டானியம் ஒயிட், சிஸ்லே காலத்து ஓவியர்கள் பயன்படுத்திய லெட் ஒயிட்டைவிடப் பல மடங்கு மூடும் சக்தி உள்ளது, அதனால் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள்.

மேகத்துக்கும் பெர்ஸ்பெக்டிவ் உண்டு. வானம் தட்டையாவது பெரும்பாலும் இதை மறப்பதால்தான். தலைக்கு மேலே இருப்பவை பெரியவை, இடைவெளியும் அதிகம். அடிவானத்தை நெருங்கும்போது அவை சிறுத்து, தட்டையாகி, நெருக்கமான பட்டைகளாகின்றன. மேகத்தின் அடிப்பக்கச் சாம்பலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். நீலத்தோடு கொஞ்சம் செம்பழுப்பும் வெள்ளையும் கலந்தால் உயிருள்ள சாம்பல் கிடைக்கும். வெயில் படும் மேல்விளிம்பு கூர்மையாக இருக்கலாம், அடிவிளிம்பு கரைய வேண்டும். மேகம் நகரும்போது அதைத் துரத்தாதீர்கள். முதல் பத்து நிமிடத்தில் அமைப்பைக் குறித்துக்கொண்டு அதோடு நில்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதே கேன்வாஸில் வேலை செய்தால் காலை நிழலும் மதிய நிழலும் கலந்துவிடும். கேன்வாஸ்மேல் நேர் வெயில் விழக் கூடாது. வெயிலில் எல்லா நிறமும் பளிச்சென்று தெரியும், வீட்டுக்குள் கொண்டுவந்தால் படம் இருண்டு கிடக்கும்.

மரங்களை முடித்துவிட்டுக் கிளைகளுக்கு நடுவே வானத்தை நிரப்பினால் ஒவ்வொரு கிளையைச் சுற்றியும் ஓர் ஒளிவட்டம் விழும். வானத்தை முதலில், எண்ணெய் குறைத்து, மெல்லிசாகப் போடுங்கள். ஈரமான அதன் மேலேயே, பிரஷ்ஷில் சற்றுக் கெட்டியான பெயிண்ட் எடுத்து, கிளைக்கு ஒரே இழுப்பு. பிறகு பிரஷ்ஷைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் அடுத்தது. துடைக்காவிட்டால் மூன்றாவது கிளையிலேயே வானத்தின் வெள்ளை ஏறி எல்லாம் பால்நிறமாகிவிடும்.

பிரஷ் வேலையிலும் சிஸ்லேயிடம் கற்க நிறைய இருக்கிறது. ஒரே படத்துக்குள் சில இடம் வழவழப்பாகவும் சில இடம் முரடாகவும் இருக்கலாம் என்பதை அதே தவெர்னியே கடிதத்தில் அவர் வலியுறுத்துகிறார். படம் முழுக்க ஒரே அளவில் புள்ளி வைப்பதுதான் இம்ப்ரஷனிசம் என்று எண்ணி வரைகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

மோனே அளவுக்கு அவர் ஏன் பேசப்படவில்லை என்ற கேள்வியும் உங்கள் கடிதத்துக்குள் இருக்கிறது. திறமைக் குறைவு காரணமில்லை. 1839இல் பாரிஸில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். வியாபாரியான தந்தை 1870இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் நொடித்துப்போக, அதன் பிறகு சிஸ்லே ஓவியத்தை விற்றே குடும்பம் நடத்த வேண்டியிருந்தது. 1875இல் பாரிஸின் துரூவோ ஏல மாளிகையில் சக ஓவியர்களான மோனே, ரென்வார், மொரிசோவோடு சேர்ந்து விற்றபோது அவருடைய 21 படங்களுக்குச் சராசரியாக நூறு பிராங்க் சொச்சம்தான் கிடைத்தது. 1899 ஜனவரியில் மோரே-சூர்-லுவானில் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார், வயது 59. பிரெஞ்சுக் குடியுரிமைகூடக் கடைசிவரை கிடைக்கவில்லை. மறு ஆண்டே, நாம் மேலே பார்த்த வெள்ளப் படத்தை ஓவியச் சேகரிப்பாளர் இசாக் தெ கமோந்தோ 43,000 பிராங்க் கொடுத்து வாங்கினார். மோனே 1926 வரை வாழ்ந்தார், தன் புகழைத் தானே பார்த்தார். இந்த வித்தியாசத்தைத் தரத்தின் வித்தியாசமாக எண்ணிக்கொள்வது சிஸ்லேவுக்கு இழைக்கும் அநியாயம்.

அதே கட்டடத்தை, அதே வெள்ளத்தில் அவர் வரைந்த இன்னொரு படம் பிரான்ஸின் ரூவென் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓர்சேயில் உள்ளது 60க்கு 81 செ.மீ., ரூவெனில் உள்ளது 50க்கு 61. இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டடத்தை விட்டுவிட்டு மேகங்களை மட்டும் பென்சிலில் நகலெடுங்கள். எங்கே பெரிதாகத் தொடங்கி எங்கே பட்டையாகின்றன என்று குறியுங்கள். அதன் பிறகு பெயிண்ட்டைத் தொடலாம்.

அன்புடன்