குளத்தில் மீன் விடுவதற்கு முன்னால்

கோவைக் குளங்களில் பல வருடமாக ஞாயிற்றுக்கிழமை சீரமைப்பு வேலைக்குப் போகிறேன், அதிலும் மீன்கள் மேல்தான் எனக்கு உயிர். இந்த வாரம் கேட்டவர்களுக்கெல்லாம் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, எங்கள் குளத்தைத் தூர்வாரி முடித்துவிட்டோம். மீன்குஞ்சு வாங்கி விடலாமென்று இருக்கிறோம், எந்த மீன் நல்லது?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம் தம்பி. முதலில் வாய்க்காலைப் போய்ப் பாருங்கள். நொய்யல் ஆற்றில் அணை கட்டித் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, ஒரு குளம் நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் வழியாக அடுத்த குளத்துக்குப் போகிற மாதிரி முன்னோர்கள் அமைத்தது இது. அந்த வழி திறந்திருந்தால் வெள்ளத்தோடு கெண்டையும் கெளுத்தியும் தானாக ஏறி வரும். வெள்ளலூர் குளம் பல வருடம் காய்ந்து கிடந்தது, 2017-ல் தன்னார்வலர்கள் வாய்க்காலில் இறங்கி வேலை செய்த பிறகுதான் தண்ணீரைப் பார்த்தது.

கரையைச் சுற்றிக் கல் பதித்து நடைபாதை போடப் போகிறார்களாம். மீனுக்கு அதனால் ஏதும் கெடுதல் உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. விரால் கூடு கட்டுவது நடுக்குளத்தில் இல்லை, ஓரத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரில், கோரைக்கும் புல்லுக்கும் நடுவில். ஒரு நாள் விடியற்காலை கரையோரம் உட்கார்ந்திருந்தபோது செக்கச்செவேலென்று ஏதோ தண்ணீரில் கொதிக்கிற மாதிரி தெரிந்தது, பார்த்தால் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள், ஒரே பந்தாகத் திரண்டு மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுக் கீழே போகின்றன, அடியில் தாயோ தகப்பனோ கறுப்பாகக் காவல் நிற்கிறது. செங்குத்தாகச் சுவர் வைத்தால் இதெல்லாம் அந்த இடத்தில் அடியோடு போய்விடும். நடைபாதை வேண்டாமென்று சொல்லவில்லை, ஒரு பக்கக் கரையையாவது சரிவாக, மண்ணாக, கோரையோடு விட்டுவைக்கச் சொல்லி இப்போதே மனு கொடுங்கள்.

சிலேபி மீன் (திலாப்பியா) ஏராளமாக இருக்கிறதே, அப்படியானால் தண்ணீர் சுத்தம்தானே?

இல்லைங்க. 1952-ல் வெளியிலிருந்து நாட்டுக்குள் கொண்டுவந்த மீன் அது, முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும், சாக்கடை கலந்த தண்ணீரிலும் பெருகும். வலையில் சிலேபி மட்டுமே ஏறினால் கவலைப்பட வேண்டும். ஓரத்து மணலில் அயிரையும் ஆராலும் கண்ணில் பட்டால் அதுதான் நல்ல அறிகுறி, எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.

முதல் மழைக்கே மீனெல்லாம் செத்து மிதந்தது. யாராவது விஷம் கலந்திருப்பார்களா?

விஷமாகவும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. கோடை முழுக்க வாய்க்காலில் தேங்கிய கழிவு முதல் மழையில் மொத்தமாக உள்ளே வருகிறது, அதை மட்கவைக்கும் கிருமிகள் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. பச்சைப்பாசி படிந்த குளமென்றால் ராத்திரியில் பாசியும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும், அதனால் விடியும் நேரம்தான் மோசம். மத்தியானம் ஆக்சிஜனை அளந்தால் எல்லாம் சரியாகவே தெரியும், காலை ஐந்தரைக்கு அளந்து பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்களுக்குத் திணறல்தான். விரால் வெளிக்காற்றையே சுவாசிப்பதால் தப்பிக்கும், கெண்டைக்கு அந்த வழி கிடையாது. மழைக்கு முன்பே வாய்க்கால் குப்பையை அள்ளுவதுதான் வைத்தியம்.

வீட்டு மீன்தொட்டியில் டேங்க் கிளீனர் மீன் பெரிதாகிவிட்டது, குளத்தில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள்! கரையில் வளை தோண்டும், ஒருமுறை பெருகிவிட்டால் பிடித்து மாளாது. வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள்.

அள்ளிய ஆகாயத்தாமரையைக் கரையிலேயே போடலாமா?

கூடாது, மழை வந்தால் அதெல்லாம் மறுபடி உள்ளேதான் போகும். தள்ளிக் கொண்டுபோய் உரக்குழியில் போடுங்கள். போடுவதற்கு முன் வேரை ஒரு வாளித் தண்ணீரில் அலசுங்கள், பொடிமீன்கள் நிறைய ஒட்டிக்கொண்டிருக்கும், வாளியோடு குளத்திலேயே ஊற்றிவிடுங்கள்.